கேட்பவர் அறிந்தது: துருக்கிய வினாக்களில் வேற்றுமை உருபும் வினை விகுதியும்

துருக்கியில் யார் வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் காதில் விழுவது ‘சாய் இச்செர் மிசின்?’ என்ற கேள்விதான். ‘டீ குடிக்கிறாயா?’ என்று பொருள். புதியவராகவோ பெரியவராகவோ இருந்தால் ‘மிசினிஸ்’ என்று மரியாதைப் பன்மை வரும். டீ வந்து, பேச்சு நீண்டு, கண்ணாடிக் குவளையின் மேல் யாராவது கண் வைத்தால் அடுத்த கேள்வி வரும்: ‘சாயு இச்தின் மி?’ அதாவது ‘டீயைக் குடித்தாயா?’

இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டு மாற்றங்கள் தெரியும். முதலாவதில் வெறும் ‘சாய்’ என்று நின்ற பெயர், இரண்டாவதில் ‘சாயு’ ஆகிவிட்டது. முதலாவதில் ‘மி’ என்ற வினாச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிய ‘நீ’ என்னும் முன்னிலை விகுதி (மி-சின்), இரண்டாவதில் வினாச்சொல்லுக்கு முன்னால் வினையோடு போய்விட்டது (இச்தின் மி). பாடநூல்கள் முதல் மாற்றத்தைப் பெயரியலிலும் இரண்டாவதை வினையியலிலும் வைத்துத் தனித்தனிப் பாடங்களாகச் சொல்லிக்கொடுக்கும். கேள்விக்குள் வைத்துப் பார்த்தால் இரண்டும் கைகோத்து வேலை செய்கின்றன. கேட்பவர் எதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு எதைத் தெரியாமல் கேட்கிறார் என்பதை இந்தச் சின்ன ஒலிகள்தான் சொல்கின்றன.

எழுத்தைப் பற்றி ஒரு விளக்கம். 1928-இல் அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கிய மொழியில் எட்டு உயிர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, புள்ளியில்லாத ‘ஐ’ எழுத்தால் குறிக்கப்படுவது, நம் குற்றியலுகரத்துக்கு மிக அருகில் ஒலிப்பது. இதழ் குவியாமல் ‘பாட்டு’ என்று சொல்லும்போது ஈற்றில் வரும் ஒலி அது. அதையும் இதழ் குவிந்த உகரத்தையும் இங்கே ‘உ’ என்றே எழுதுகிறேன். தமிழில் ‘பஸ்’ என்ற கடன் சொல்லைப் ‘பஸ்ஸு’ என்று நீட்டினால் அது ஒலிப்பு வசதிக்காக, பொருள் மாறாது. துருக்கிய மொழியில் ‘சாய்’, ‘சாயு’ ஆனால் பொருளே மாறுகிறது. அந்த ஓர் ஒலிதான் இரண்டாம் வேற்றுமை உருபு.

அந்த உருபுக்கு நான்கு வடிவங்கள் உண்டு. சொல்லின் கடைசி உயிர் எதுவோ அதற்கு இசைந்த உயிரை உருபு எடுத்துக்கொள்ளும். வீடு என்னும் ‘எவ்’, ‘எவி’ ஆகும். பள்ளிக்கூடம் என்னும் ‘ஒக்குல்’, ‘ஒக்குலு’ ஆகும். வினாச்சொல்லும் அப்படியே ‘மி’, ‘மு’ என்று முன்னால் உள்ள உயிரைப் பார்த்து மாறும்.

உருபு எப்போது வரும்

‘கித்தாப் ஒக்குதும்’ என்றால் ‘புத்தகம் படித்தேன்’. ‘கித்தாபு ஒக்குதும்’ என்றால் ‘புத்தகத்தைப் படித்தேன்’. தமிழர் இதற்கு விளக்கமே கேட்க மாட்டார்கள். முதல் வாக்கியத்தில் எந்தப் புத்தகம் என்பது பேச்சே இல்லை. படிப்பு என்ற செயலின் பகுதியாகப் புத்தகம் கரைந்துவிடுகிறது. இரண்டாவதில் இருவரும் அறிந்த ஒரு புத்தகம் நடுவில் இருக்கிறது.

பழைய இலக்கண நூல்கள் பல இதை ‘அறியப்பட்ட பொருளுக்கு உருபு வரும்’ என்று சொல்லி முடித்துக்கொண்டன. அது போதாது. ‘ஒரு’ என்று பொருள்படும் ‘பிர்’ சேர்த்து ‘பிர் கித்தாபு ஒக்குதும்’ என்றும் சொல்லலாம். எதிரே இருப்பவருக்கு அது எந்தப் புத்தகம் என்று தெரியாது. ஆனாலும் உருபு வந்திருக்கிறது. மொழியியலாளர் மியுர்வெத் எஞ்ச் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் துலக்கியது. ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்ட ஒரு தொகுதியோடு பொருள் கட்டுப்பட்டிருக்கிறதா என்பதே உருபை வரவழைக்கும் காரணம் என்பது அவர் வாதம். மேசையில் சில புத்தகங்கள் இருந்தன என்று ஒருவர் தொடங்குகிறார். அடுத்து ‘இக்கி கித்தாபு ஒக்குதும்’ என்றால் அந்த மேசையில் இருந்தவற்றுள் இரண்டைப் படித்தேன் என்று ஆகும். ‘இக்கி கித்தாப் ஒக்குதும்’ என்றால் எங்கோ, ஏதோ இரண்டு புத்தகம் படித்தேன் என்றுதான் ஆகும். மேசையோடு அதற்குத் தொடர்பில்லை.

செயப்படுபொருளுக்குச் சில நேரம் உருபு கொடுத்து, சில நேரம் கொடுக்காமல் விடும் இந்தப் பழக்கம் பாரசீகம், இந்தி, ஸ்பானிஷ் என்று பல மொழிகளில் உண்டு. கேயோர்க் போசோங் 1980-களில் இதற்கு ஒரு பொதுப்பெயர் வைத்து, உலக மொழிகளின் பொதுப் பண்பாக ஆராயத் தொடங்கினார். எது உருபைத் தூண்டுகிறது என்பது மொழிக்கு மொழி மாறும். ஸ்பானிஷில் பொருள் மனிதரா இல்லையா என்பது பெரிய கேள்வி. தமிழிலும் திணைக்கு இதில் பங்குண்டு: ‘புத்தகம் வாங்கினேன்’ என்று உருபு இல்லாமல் சொல்லலாம், ‘பையன் பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது. துருக்கிய மொழியில் திணைக்கு அந்த அதிகாரம் இல்லை. ‘தொக்தோர் அருயோரும்’ என்று உருபில்லாமல் சொன்னால் ‘யாராவது ஒரு டாக்டர் வேண்டும், தேடுகிறேன்’ என்று பொருள். ‘தொக்தோரு அருயோரும்’ என்றால் தெரிந்த அந்த டாக்டரைத் தேடுகிறேன். தமிழில் இரண்டுக்குமே ‘டாக்டரை’ வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பேச்சில் மட்டும் இரண்டு மொழிகளும் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. நம் வீடுகளில் ‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்கிறோம். ‘பெண்ணைப் பார்க்கப் போனார்கள்’ என்றால் வேறு செய்தி. துருக்கியில் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டுப் போகும் சடங்குக்குப் பெயர் ‘குஸ் இஸ்தெமெ’. ‘குஸ்’ என்றால் பெண், ‘இஸ்தெமெக்’ என்றால் கேட்பது. ‘குஸ் இஸ்தெதிலெர்’ என்றால் பெண் கேட்டார்கள், சடங்கு நடந்தது. ‘குஸு இஸ்தெதிலெர்’ என்றால் அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். கதை ஒருத்தியின் மேல் நிற்கிறது.

எதை, யாரை

இந்த வேறுபாடு வினாப்பெயருக்குள்ளும் நுழைகிறது. ‘நெ ஒக்குதுன்?’ என்றால் ‘என்ன படித்தாய்?’ ‘நெயி ஒக்குதுன்?’ என்றால் ‘எதைப் படித்தாய்?’ முதல் கேள்வி திறந்த கேள்வி. நாளிதழ், நாவல், சட்டம், எதையும் பதிலாகச் சொல்லலாம், கல்லூரியில் எடுத்த பாடத்தைக்கூட. இரண்டாவது கேள்வி, படிக்க வேண்டியவை இன்னின்ன என்று இருவருக்கும் முன்பே தெரிந்த இடத்தில் பிறப்பது. பதிலும் உருபோடுதான் வரும்.

‘எந்த’ என்னும் ‘ஹங்கி’ சேர்ந்தால் தேர்வுக்கே இடமில்லை. ‘ஹங்கி கித்தாபு ஒக்குதுன்?’ என்று உருபு வந்தே தீர வேண்டும். ‘எந்த’ என்று கேட்பதே கண்முன் உள்ள சிலவற்றுள் ஒன்றைச் சுட்டச் சொல்வதுதானே. இப்படிப் பேச்சில் முன்பே வந்த தொகுதியோடு பிணைந்த ‘எந்த’ போன்ற சொற்களை டேவிட் பெசெட்ஸ்கி 1987-இல் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவைச் சொல்வரிசைச் சோதனைகளால் நிறுவ வேண்டியிருந்தது. துருக்கிய மொழியில் ஓர் உருபே அதைக் காட்டிக்கொடுக்கிறது. ‘எத்தனை’ என்னும் ‘கச்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ‘கச் கித்தாப் ஒக்குதுன்?’ என்றால் மொத்தத்தில் எத்தனை புத்தகம் படித்தாய். ‘கச் கித்தாபு ஒக்குதுன்?’ என்றால் கொடுத்தவற்றுள் எத்தனையைப் படித்தாய். எண்ணோடு வரும் பெயர் பன்மை ஏற்காது என்பதையும் கவனிக்கலாம். பேச்சுத் தமிழிலும் ‘எத்தனை புத்தகம்’ என்றுதானே சொல்கிறோம்.

‘கிம்’ என்றால் ‘யார்’. அது செயப்படுபொருளானால் எப்போதும் ‘கிமி’, அதாவது ‘யாரை’. இங்கே உருபை விட்டுவிட முடியாது. விட்டால் யார் என்பவர் எழுவாயாகிவிடுவார். ‘கிம் அருயோர்?’ என்றால் ‘யார் தேடுகிறார்?’ ‘கிமி அருயோர்?’ என்றால் ‘யாரைத் தேடுகிறார்?’ படர்க்கை ஒருமைக்கு வினையில் விகுதி எதுவும் இல்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. ஆகவே யார் யாரைத் தேடுகிறார் என்ற முழுச் சுமையும் அந்த ஓர் இகரத்தின் மேல் விழுகிறது. ‘தேடு’ என்னும் இந்த வினைதான் தொலைபேசியில் அழைப்பதற்கும். தவறான எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மறுமுனையில் கேட்கும் கேள்வி ‘கிமி அரதுனுஸ்?’ நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள்?

செயப்படுபொருளைப் பொறுத்தவரை, உருபை விடுவதும் சேர்ப்பதும் இரண்டாம் வேற்றுமையில் மட்டுமே நடக்கும் பேரம். எந்த வினை எந்த வேற்றுமையைக் கேட்கும் என்பது தனிக் கணக்கு. ‘பார்’ என்னும் ‘பக்மக்’ நான்காம் வேற்றுமையைக் கேட்கும், ‘பயப்படு’ என்னும் ‘கொர்க்மக்’ ஐந்தாவதைக் கேட்கும். ‘எதைப் பார்க்கிறாய்?’ என்பதற்கு ‘நெயெ பக்குயோர்சுன்?’ என்று ‘எதற்கு’ வடிவம் வர வேண்டும். உருபை எடுத்துவிட்டு ‘நெ பக்குயோர்சுன்?’ என்றால் பொருள் தாவிவிடும். ‘என்ன பார்க்கிற?’ என்று நம் தெருக்களில் சண்டைக்கு முன் கேட்கும் அதே தொனி வந்துவிடும். அங்கே ‘நெ’ செயப்படுபொருள் இல்லை, ‘ஏன்’ என்ற பொருளில் நிற்கிறது. ‘என்ன சிரிக்கிற?’ என்பதும் அதே வகை. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், உருபை இழந்த ‘என்ன’வை ஒரே வழியில் அதட்டலாக்கியிருக்கின்றன.

‘மு’ நிற்கும் இடம்

ஆம், இல்லை என்று பதில் எதிர்பார்க்கும் கேள்விகளில் தமிழுக்கு ஆகாரம் இருப்பதுபோல் துருக்கிய மொழிக்கு ‘மி’ அல்லது ‘மு’. எழுத்தில் அது தனிச்சொல். ஒலியில் முன் சொல்லோடு ஒட்டியது. அழுத்தம் அதன் மேல் விழாது, அதற்கு முந்திய அசையில் விழும். ஆகாரத்தைப் போலவே, எதைப் பற்றிச் சந்தேகமோ அதன் பின்னால் போய் நிற்கும்.

புத்தகத்துக்கு உருபு உண்டு, இல்லை; வினாச்சொல் வினையின் பின்னால், பெயரின் பின்னால். இவற்றைப் பெருக்கினால் ஒரே செய்தி நான்கு கேள்விகளாகிறது.

‘கித்தாப் ஒக்குதுன் மு?’ புத்தகம் படித்தாயா? படிப்பு நடந்ததா என்பது மட்டுமே கேள்வி.

‘கித்தாபு ஒக்குதுன் மு?’ புத்தகத்தைப் படித்தாயா? தெரிந்த புத்தகம், படித்து முடித்தாயா என்ற விசாரணை.

‘கித்தாப் மு ஒக்குதுன்?’ புத்தகமா படித்தாய்? கண் சிவந்திருக்கிறது, இரவு ஏதோ செய்திருக்கிறாய். அது புத்தகப் படிப்பா?

‘கித்தாபு மு ஒக்குதுன்?’ புத்தகத்தையா படித்தாய்? கதை தெரிந்திருக்கிறது, நாவலைப் படித்தாயா, அதை எடுத்த படத்தைப் பார்த்தாயா?

உருபு, பொருள் தெரிந்ததா என்பதைச் சொல்கிறது. வினாச்சொல்லின் இடம், சந்தேகம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. பெயருக்கு உருபு இருப்பதாலேயே சந்தேகம் அதன் மேல் இல்லை என்று முடிவு கட்ட முடியாது; நான்காவது கேள்வி அதற்குச் சாட்சி. தெரிந்த பொருளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கலாம்.

உருபில்லாத பெயருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அது வினைக்கு ஒட்டியே நிற்க வேண்டும். ‘மு’ போன்ற ஒட்டுச்சொல் தவிர வேறெதுவும் நடுவில் நுழைவது அரிது. வினாப்பெயர்களுக்கும் மிகப் பிடித்த இடம் வினைக்கு முந்திய அதே இடம்தான். அதனால் ‘யார்’ அங்கே வந்து உட்கார்ந்தால், முன்னால் நகரும் புத்தகம் உருபு ஏற்றாக வேண்டும்: ‘கித்தாபு கிம் ஒக்குது?’ பேச்சுத் தமிழ் இதில் தளர்வானது. ‘காபி யார் குடிச்சது?’ என்று உருபில்லாமலே முன்னால் தள்ளிவிடுகிறோம்.

விகுதி ஏன் இடம் மாறுகிறது

இறந்தகாலத்தில் ‘ஒக்குதுன் மு?’ என்று விகுதி வினாச்சொல்லுக்கு முன்னால் வந்தது. நிகழ்காலத்தில் ‘ஒக்குயோர் முசுன்?’ எதிர்காலத்தில் ‘ஒக்குயஜாக் முசுன்?’ இங்கெல்லாம் விகுதி வினாச்சொல்லின் மேல் ஏறிக்கொள்கிறது. தமிழில் படித்தாயா, படிக்கிறாயா, படிப்பாயா எதிலும் ஆகாரம் கடைசியில்தான். துருக்கிய மொழி கற்பவர்களைத் தடுமாற வைக்கும் இடம் இது. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

துருக்கிய வினைக்கு இரண்டு வகை விகுதிகள். இறந்தகாலத்து விகுதிகள் உடைமை விகுதிகளோடு பெரிதும் ஒத்தவை: ‘கித்தாபும்’ என் புத்தகம், ‘ஒக்குதும்’ படித்தேன், ‘கித்தாபுன்’ உன் புத்தகம், ‘ஒக்குதுன்’ படித்தாய். இவை சொல்லோடு இறுகிப் போனவை. நிகழ்கால, எதிர்கால விகுதிகளோ ஒருகாலத்தில் தனிச் சொற்களாக இருந்த மூவிடப் பெயர்கள். ‘சுன்’, ‘சின்’ என்பவை ‘நீ’ என்னும் ‘சென்’ தேய்ந்த வடிவங்கள். மங்கோலியாவின் ஒர்கோன் பள்ளத்தாக்கில் 732-இலும் 735-இலும் எழுப்பப்பட்ட கல்வெட்டுகளை வில்ஹெல்ம் தாம்சன் 1893-இல் படித்து உடைத்தார். அவற்றில் வினைவடிவத்தை அடுத்து ‘சென்’ தனிச்சொல்லாகவே நிற்பதைக் காணலாம். நிகழ்காலம் காட்டும் ‘யோர்’ என்பதும் ‘நட, செல்’ என்று பொருள்பட்ட ஒரு பழைய வினையின் எச்சம்; அதனால்தான் அது இன்னும் உயிரிசைவுக்கு அடங்காமல் எங்கேயும் ஓகாரத்தோடே நிற்கிறது.

ஆகவே ‘ஒக்குயோர்சுன்’ என்பது அடிப்படையில் பெயர்ப்பயனிலை வாக்கியம் போன்றது. ‘தொக்தோர்சுன்’ என்றால் ‘நீ டாக்டர்’, ‘தொக்தோர் முசுன்?’ என்றால் ‘நீ டாக்டரா?’ டாக்டருக்கும் ‘நீ’க்கும் நடுவில் வினாச்சொல் நுழைவதுபோலவே ‘ஒக்குயோர்’ என்பதற்கும் ‘நீ’க்கும் நடுவில் நுழைகிறது. பெயரோடு இட விகுதி சேர்வது தமிழுக்கும் புதிதல்ல. ‘அடியேன்’ என்ற சொல்லில் அந்தப் பழைய வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது.

படர்க்கைப் பன்மை இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க உதவும். ‘அவர்கள் படிக்கிறார்களா?’ என்பது ‘ஒக்குயோர்லார் மு?’ இங்கே விகுதி முன்னாலேயே நிற்கிறது. ‘லார்’ மூவிடப் பெயர் அல்ல; ‘கித்தாப்லார்’, புத்தகங்கள், என்பதில் வரும் அதே பன்மை விகுதி. மூவிடப் பெயரிலிருந்து பிறக்காததால் வினாச்சொல்லைத் தாண்டிப் போகவில்லை. அந்தப் பன்மையும் கட்டாயமில்லை. எழுவாய் மனிதர்களானால் ‘வந்தார்கள்’ என்னும் ‘கெல்திலெர்’ வரலாம், ஒருமையான ‘கெல்தி’யும் வரலாம், பொருள்களானால் பெரும்பாலும் ஒருமைதான். ‘புத்தகங்கள் வந்தது’ என்று பேச்சில் சொல்லும் நமக்கு இது பழகிய வழி.

‘உங்களில் யார்’ என்னும் ‘ஹங்கினிஸ்’ எழுவாயானால் இயைபே இரண்டாகப் பிளக்கிறது. ‘யார்’ என்பதைப் பார்த்தால் படர்க்கை ஒருமை, ‘உங்களில்’ என்பதைப் பார்த்தால் முன்னிலைப் பன்மை. இரண்டு வகையாகவும் பேசுகிறார்கள்.

விகுதியின் இட மாற்றம் வரலாற்றின் விளைவு என்றாலும் அதனால் கேட்பவருக்கு ஒரு பயன் கிடைத்திருக்கிறது. ‘முசுன்’ என்று காதில் விழுந்தால் சந்தேகம் பயனிலையின் மேல் என்பது உறுதி. வினாச்சொல் வேறிடம் போய்விட்டால் விகுதி வினைக்குத் திரும்பிவிடும்: ‘கித்தாப் மு ஒக்குயோர்சுன்?’, ‘சென் மி ஒக்குயோர்சுன்?’ தமிழில் ‘நீயா படிச்சது?’ என்று எழுவாயை அழுத்திக் கேட்டால் வினை பெயராகி ‘நீ’ என்ற அடையாளத்தையே இழந்துவிடுகிறது. துருக்கிய வினை இங்கேயும் தன் ஆளைக் கைவிடுவதில்லை.

கேள்விக்குள் கேள்வி

இரண்டு விதிகளும் ஒரே சொல்லில் சந்திப்பது உள்ளடங்கிய வினாக்களில். ‘நெ ஒக்குதூனு பிலியோரும்’ என்றால் ‘என்ன படித்தாய் என்று தெரியும்’. ‘ஒக்குதூனு’ என்பதைப் பிரித்தால் படித்தது, அதற்கு உடைமை விகுதி, அதன் மேல் இரண்டாம் வேற்றுமை உருபு. ‘நீ படித்ததை’ என்று நாம் சொல்லும் அதே கட்டுமானம். ஒரு முழு வாக்கியமே செயப்படுபொருளாகி உருபு ஏற்கிறது. இங்கே உருபை விட முடியாது. எழுவாயும் ஆறாம் வேற்றுமைக்கு மாறி ‘அலினின்’, அலியுடைய, என்று நிற்கும். எழுவாய் சொல்லப்படாவிட்டால் ஒரு மயக்கம் பிறக்கும். ‘உன்’ என்ற விகுதியோடு உருபு சேர்ந்தாலும் ‘அவன்’ என்ற விகுதியோடு உருபு சேர்ந்தாலும் வெளியே கேட்பது ஒரே ‘ஒக்குதூனு’. என்ன படித்தாய் என்றா, என்ன படித்தான் என்றா என்பதைச் சூழல்தான் தீர்க்க வேண்டும்.

இனி இரண்டு கேள்விகள். ‘கிமின் கெல்தீனி பிலியோர் முசுன்?’ என்றால் ‘யார் வந்தது என்று உனக்குத் தெரியுமா?’ ஆம், இல்லை என்று பதில் சொல்லலாம். ‘கிமின் கெல்தீனி பிலியோர்சுன்?’ என்றால் ‘யார் வந்ததாக உனக்குத் தெரியும்?’ பெயர் சொல்ல வேண்டும். ‘யார்’ இருக்கும் இடம் மாறவில்லை, அதன் வேற்றுமையும் மாறவில்லை. வினாச்சொல் வந்து விகுதி அதன் மேல் ஏறியதா, வராமல் வினையிலேயே தங்கியதா என்பது ஒன்றே, ‘யார்’ உள் வாக்கியத்துக்குச் சொந்தமா முழுக் கேள்விக்கா என்று தீர்மானிக்கிறது.

கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளைச் ‘சித்திய’ மொழிகள் என்று அவர் அழைத்த பெருங்கூட்டத்தோடு இணைத்தார். துருக்கிய மொழியும் அதில் இருந்தது. பின்வந்த ஆய்வு அந்த உறவை ஏற்கவில்லை. ஆனால் அவரை ஈர்த்த ஒற்றுமைகள் மெய்யானவை. வினை கடைசியில் வந்து, பெயரின் வால்களாலேயே உறவுகளைச் சொல்லும் இரண்டு மொழிகள், ஒரே தேவைக்குத் தனித்தனியே பக்கத்துப் பக்கத்து வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன. அதனால் துருக்கிய மொழியை ஆங்கிலப் பாடநூல் வழியே கற்கும் தமிழர், ‘அறியப்பட்ட பொருள்’ என்ற விதியை மனப்பாடம் செய்வதைவிட அதே இடத்தில் தமிழில் ‘என்ன’ கேட்போமா ‘எதை’ கேட்போமா என்று பார்ப்பது நல்லது. மனிதரைக் குறிக்கும் பெயர்களிலும், ‘பார்’ போன்ற வினைகள் கேட்கும் வேற்றுமைகளிலும், ‘யார்’ வந்ததால் முன்னால் நகரும் பெயர்களிலும், வினாச்சொல்லைச் சுற்றி நகரும் விகுதிகளிலும் தமிழ் கைகொடுக்காது. பயிற்சியை அந்த இடங்களில் செலவிடலாம்.